ஜே.சி. குமரப்பாவின் பணவியல் சிந்தனை

ஜே.சி. குமரப்பா (4 ஜனவரி 1892 – 30 ஜனவரி 1960) தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர். காந்தியப் பொருளாதாரத்துக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களில் முதன்மையானவர். கிராமத் தொழில்கள், நிலச் சீர்திருத்தம், இயற்கை வளப் பாதுகாப்பு ஆகியவற்றோடு சேர்த்தே அவர் பெயர் இன்று நினைவுகூரப்படுகிறது. சூழலியல் பேசுவோர் அவரைத் தம் முன்னோடி என்கிறார்கள். அவர் தொழிலால் கணக்குத் தணிக்கையாளர் என்பதும், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாணய முறையைப் பற்றி எழுதியதற்காகச் சிறை சென்றவர் என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை. ஆனால் அவருடைய 'நிலைத்த பொருளாதாரம்' என்ற கருத்தைப் புரிந்துகொள்ள வயலையும் காட்டையும் பார்த்தால் மட்டும் போதாது. கணக்குப் புத்தகத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

தணிக்கையாளரின் கேள்வி

குமரப்பாவின் இயற்பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். குடும்பம் கிறித்தவக் குடும்பம். தந்தை பொதுப்பணித் துறை அலுவலர். லண்டனில் தணிக்கைப் பயிற்சி பெற்று, 1919இல் நாடு திரும்பிப் பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தினார். முப்பத்தைந்து வயது வரை மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம், நல்ல வருமானம் என்றே வாழ்க்கை சென்றது.

1927இல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துவிட்டு, நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். அக்காலத்தில் ஒரு தேவாலயத்தில் 'அப்படியானால் இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது' என்ற பொருளில் அவர் ஆற்றிய பொதுச் சொற்பொழிவு நாளிதழில் செய்தியாக வெளிவந்தது. வரிவிதிப்பு ஆய்வில் பெயர் பெற்ற பேராசிரியர் எட்வின் செலிக்மன் அதைப் படித்தார். அந்தக் கேள்வியையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும்படி மாணவருக்குச் சொன்னார். ஒரு மாலைப் பேச்சு ஒருவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றியது.

ஆய்வுக்காக அவர் பிரிட்டிஷ் இந்திய அரசின் வரவு செலவுக் கணக்குகளைப் படித்தார். வரி யாரிடமிருந்து வருகிறது, யாருக்குச் செலவாகிறது என்று தணிக்கையாளர் கண்ணோடு பார்த்தார். உழவரிடமிருந்து நிலவரியாகத் திரண்ட பணம் இராணுவத்துக்கும், கடன் வட்டிக்கும், இங்கிலாந்தில் வாழ்ந்த ஓய்வூதியக்காரர்களுக்கும் போவதைக் கண்டார். 1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்து ஆய்வேட்டைக் கொடுத்தார். அது 'யங் இந்தியா' இதழில் தொடராக வந்தது. குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை அவர் ஏற்றுக்கொண்டதும் இந்தக் காலகட்டத்தில்தான்.

அடுத்த சில ஆண்டுகளில் காங்கிரஸ் அவரிடம் கொடுத்த வேலைகள் பெரும்பாலும் கணக்கு வேலைகளே. குஜராத்தில் மாத்தர் வட்டக் கிராமங்களின் பொருளாதார நிலையை வித்யாபீட மாணவர்களைக் கொண்டு வீடு வீடாக ஆய்வு செய்தார். 1931இல் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புகளை ஆராய்ந்த காங்கிரஸ் குழுவின் அமைப்பாளராக இருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குதாரர்களுக்குத் தந்த ஈட்டுத்தொகை, 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு, இந்தியாவுக்கு வெளியே நடந்த போர்களின் செலவு ஆகியவை இந்தியாவின் 'பொதுக்கடன்' என்று எழுதப்பட்டிருந்தன. இவை இந்தியாவின் கடனே ஆகாது என்பது குழுவின் வாதம்.

1934 பீகார் நிலநடுக்க நிவாரணத்தில் நிதிப் பொறுப்பு அவருடையது. தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று வரம்பு வைத்தார். காந்தியின் பரிவாரச் செலவையும் நிவாரண நிதியிலிருந்து தர மறுத்தார். காந்தி அதை ஏற்றுக்கொண்டார். இந்த நிகழ்ச்சியை அவருடைய கண்டிப்புக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். அதோடு, ஒரு நிதி எந்தக் காரியத்துக்காகத் திரட்டப்பட்டதோ அதற்கே செலவாக வேண்டும் என்ற தணிக்கை விதியை அவர் எவ்வளவு நேர்ப்பொருளில் எடுத்துக்கொண்டார் என்பதையும் இது காட்டுகிறது. பின்னாளில் ஒரு பேரரசையே அவர் இந்த விதியால்தான் அளந்தார்.

ஒரு ரூபாய் எல்லோருக்கும் ஒரு ரூபாய் அன்று

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவிலுள்ள மகன்வாடி அவருடைய இருப்பிடமாயிற்று. செக்கு, கைக்குத்தல் அரிசி, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு என்று அன்றாடம் கைத்தொழில்களின் நடுவே இருந்துகொண்டு 'கிராம உத்யோக் பத்திரிகா' என்ற இதழை நடத்தினார். பணத்தைப் பற்றிய அவருடைய அடிப்படைக் கருத்துகள் இங்கேதான் உருவாயின.

அவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒரு ரூபாய்க்கு எங்கும் ஒரே மதிப்பு என்று சந்தை சொல்கிறது. கணக்குப் புத்தகமும் அப்படித்தான் எழுதுகிறது. ஆனால் கூலிக்காரருக்கு அந்த ரூபாய் சில நாள் சாப்பாடு. செல்வருக்கு ஒரு சுருட்டு. ஆகவே ஏழையின் கையிலிருந்து செல்வரின் கைக்கு ஒரு ரூபாய் மாறும்போது, தொகை குறையாவிட்டாலும் அதன் சமூக மதிப்பு குறைந்துவிடுகிறது. எதிர்த்திசையில் போனால் மதிப்பு கூடுகிறது. வரியும் அரசுச் செலவும் நாட்டைச் செழிக்கவைக்கின்றனவா வறுமையாக்குகின்றனவா என்பதைத் தொகையைப் பார்த்துச் சொல்ல முடியாது, அது ஓடும் திசையைப் பார்த்தே சொல்ல முடியும் என்றார்.

இன்னொன்று பணத்தின் அழியாத் தன்மை. வாழைப்பழக் கூடையோடு சந்தைக்கு வந்தவர் பொழுது சாய்வதற்குள் விற்றாக வேண்டும். கையில் காசு வைத்திருப்பவர் நாளைக்கும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். பழம் அழுகும், காசு அழுகாது. பேரத்தில் இருவரும் சமம் என்று பொருளியல் நூல்கள் எழுதினாலும் காத்திருக்க முடிந்தவர் பக்கமே தராசு சாயும். விளைவிப்பவர்கள் எல்லோரும் அழியும் பொருளை வைத்திருக்கிறார்கள். பணம் உள்ளவர் மட்டும் அழியாத பொருளை வைத்திருக்கிறார்.

ஜெர்மானிய வணிகர் சில்வியோ கெசெல் 1916இல் வெளியிட்ட நூலிலும் இதே குறைபாட்டைச் சுட்டினார். பணமும் சரக்கைப் போலக் காலப்போக்கில் மதிப்பிழக்க வேண்டும் என்பது அவர் சொன்ன தீர்வு. ஆஸ்திரியாவின் வோர்கல் என்ற சிறு நகரம் 1932இல் அதை நடைமுறையில் முயன்றது. மாதந்தோறும் ஒரு விழுக்காட்டுக்கு வில்லை வாங்கி ஒட்டினால்தான் முழு மதிப்பில் செல்லும் சீட்டுகளை அந்நகராட்சி வெளியிட்டு, சாலையும் பாலமும் கட்டியது. மறு ஆண்டே ஆஸ்திரிய தேசிய வங்கி அதைத் தடுத்து நிறுத்திவிட்டது. குமரப்பா வேறு வழியில் போனார். பணத்தை மாற்றி அமைப்பதைவிட, அன்றாட வாழ்வில் பணத்துக்கு உள்ள இடத்தைச் சுருக்குவதே அவருடைய நாட்டம்.

லண்டனில் வரவு, இந்தியாவில் செலவு

1939இல் போர் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் இந்திய, பிரிட்டிஷ் அரசுகளுக்கு இடையே ஒரு செலவுப் பங்கீட்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புச் செலவை இந்தியா ஏற்கும். பேரரசின் போருக்காக இந்தியாவில் செய்யப்படும் செலவைப் பிரிட்டன் ஏற்கும். பார்வைக்கு நியாயமான ஏற்பாடு. அதை நடைமுறைப்படுத்திய விதத்தில்தான் சிக்கல் இருந்தது.

பிரிட்டிஷ் படைக்கு நூறு மூட்டை அரிசி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்திய அரசு அதை இங்கே ரூபாய் கொடுத்து வாங்கும். அதற்கு ஈடான பவுண்டுத் தொகையைப் பிரிட்டன் லண்டனில் ரிசர்வ் வங்கியின் பெயரில் வரவு வைக்கும். அத்தொகை பிரிட்டிஷ் அரசின் கடன்பத்திரங்களாக வைக்கப்படும். அந்தப் பத்திரங்களை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே புதிய ரூபாய் நோட்டுகளை வெளியிடும். அரிசி கப்பலேறிப் போய்விடும். இந்தியாவில் அரிசி குறையும், நோட்டு கூடும். இந்தியாவுக்கு வரவாக வந்தது லண்டனில் இருக்கும் ஒரு பத்திரம். போர் முடியும்வரை அதைக் கொண்டு எதையும் பெரிதாக வாங்க முடியாது. ஏற்றுமதியால் கிடைத்த டாலரும் பேரரசின் பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிட்டது.

இதற்குச் சட்டம் இடம் கொடுத்தது. 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டப்படி, நோட்டு வெளியீட்டுக்கு ஈடான சொத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தங்கமோ ஸ்டெர்லிங் பத்திரமோ இருக்க வேண்டும். தங்கத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டு. அதற்கு மேல் பிரிட்டனின் கடன்பத்திரமும் தங்கமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. ஆகவே பிரிட்டன் எவ்வளவு கடன் வாங்குகிறதோ அந்த அளவுக்கு இந்தியாவின் நோட்டுக்கு 'ஈடு' பலமாகிக்கொண்டே போவதாக ஐந்தொகை காட்டியது. ஒரு தணிக்கையாளருக்கு இதைவிட எரிச்சலூட்டும் ஐந்தொகை வேறு இருந்திருக்க முடியாது.

1939இல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 1946இல் 1,200 கோடியைத் தாண்டியது. விலைவாசி 1943க்குள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பிரிட்டனில் பங்கீட்டு முறையும் கட்டாயச் சேமிப்பும் இருந்தன. போருக்காக மக்கள் விட்டுக்கொடுப்பதைப் பின்னர் திருப்பித் தர வேண்டும் என்று கெயின்ஸ் 1940இல் எழுதியது பிரிட்டிஷ் தொழிலாளியை மனத்தில் வைத்துத்தான். இந்தியாவில் அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. விலை உயர்வே வரியாக வேலை செய்தது. சம்பளம் உயராதவர்களும், நிலமற்ற கூலிகளும், மீனவரும், கைவினைஞரும் அந்த வரியைச் செலுத்தினார்கள். படைக்குச் சரக்கு விற்ற வணிகர்களும் ஆலை முதலாளிகளும் அதனால் கொழுத்தார்கள்.

1943 வங்கப் பஞ்சத்தில் 20 முதல் 30 லட்சம் பேர் மாண்டனர். பர்மா அரிசி நின்றது, 1942 புயல், படகுகளையும் நெல்லையும் அரசு அப்புறப்படுத்தியது, மாகாணங்களிடையே தானியப் போக்குவரத்துக்கு இருந்த தடை என்று அதற்குக் காரணங்கள் பல. போர்ச் செலவு உண்டாக்கிய விலையேற்றத்தில் உணவை வாங்கும் சக்தியைக் கிராமப்புற ஏழைகள் இழந்ததே அடிப்படைக் காரணம் என்று அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். குமரப்பா போர் நடந்துகொண்டிருந்தபோதே அதே இடத்தில் விரல் வைத்திருந்தார்.

அப்பமும் கல்லும்

பணவீக்கத்தின் காரணத்தையும் தீர்வையும் பற்றிக் குமரப்பா ஒரு சிறு நூல் எழுதினார். 'அப்பத்துக்குப் பதில் கல்' என்ற பொருள்படும் தலைப்பில் தம் இதழில் ஒரு கட்டுரையும் எழுதினார். மகன் அப்பம் கேட்டால் எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்று இயேசு கேட்டதாக மத்தேயு நற்செய்தியில் வரும் இடத்திலிருந்து அந்தத் தலைப்பு பிறந்தது. வேதத்தில் ஊறிய கிறித்தவரான அவர், கிறித்தவ அரசு என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஓர் அரசின்மீது அந்த உவமையை ஏவினார். தானியத்தையும் துணியையும் உலோகத்தையும் எடுத்துக்கொண்டு காகிதத்தை நீட்டுவதை வாணிகம் என்று சொல்ல முடியாது என்பது கட்டுரையின் சாரம்.

அரசு அவர்மேல் வழக்குத் தொடுத்துச் சிறையிலடைத்தது. கள்ளச்சந்தையையும் பதுக்கலையும் பழித்து எழுதிய பலர் வெளியில் இருந்தார்கள். பதுக்கல்காரரைத் திட்டுவது அரசுக்கு வசதியான பேச்சு. விலை ஏறுவது நோட்டு அச்சிடுவதால், நோட்டு அச்சாவது லண்டன் கடன்பத்திரத்தால் என்று சங்கிலியைக் கடைசிக் கண்ணி வரை இழுத்துக் காட்டியதே குற்றமாயிற்று. நோட்டின்மீதான நம்பிக்கை குலைந்தால் கொள்முதலே நின்றுவிடும் என்ற அரசின் அச்சமும் வெறும் கற்பனையன்று.

கல் அப்பமாயிற்றா?

போர் முடிந்தபோது பிரிட்டன் இந்தியாவுக்குத் தர வேண்டியிருந்த ஸ்டெர்லிங் நிலுவை ஏறத்தாழ 130 கோடி பவுண்டு. அன்றைய மாற்று வீதத்தில் 1,700 கோடி ரூபாய்க்கு மேல். நெடுங்காலமாகக் கடனாளி என்று எழுதப்பட்டு வந்த நாடு திடீரென்று கடன் கொடுத்த நாடாகியிருந்தது. அதைப் பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு. பட்டினி கிடந்து சேர்த்த சேமிப்பு அது.

தொகையைக் குறைத்துக்கொள்ள இந்தியாவை இணங்கவைக்க வேண்டும் என்ற குரல் பிரிட்டனில் பலமாக எழுந்தது. சர்ச்சில் எதிர்க்கோரிக்கை வைக்கவும் விரும்பினார். 1944 பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் இந்தியக் குழு இந்த நிலுவையைப் பன்னாட்டு மேடைக்குக் கொண்டுசென்றது. அக்குழுவில் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இருந்தார். அவரே 1948இல் சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சராக லண்டன் சென்று தீர்வுப் பேச்சு நடத்தினார். பிரிட்டிஷார் விட்டுச்சென்ற இராணுவத் தளவாடங்களுக்கும், ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் அதிகாரிகளின் ஓய்வூதியத்துக்கும் நிலுவையிலிருந்தே பெருந்தொகை கழிக்கப்பட்டது. மீதி தவணை தவணையாக விடுவிக்கப்பட்டது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராகக் குறைக்கப்பட்டபோது, டாலர் கணக்கில் எஞ்சிய நிலுவையும் சுருங்கியது.

ஆக, குமரப்பாவின் உவமை அப்படியே பலித்தது என்று சொல்ல முடியாது. பிரிட்டன் கடனை மறுக்கவில்லை. உணவு தானியமும் இயந்திரங்களும் வாங்க அந்தத் தொகை உதவியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கும் அது துணை நின்றது. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கம் அவர் சொன்னபடியே நின்றது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவர் அல்லர். 1943இல் பரித்பூரிலோ மிதுனாப்பூரிலோ சோறின்றி இறந்தவர்களின் பங்கு 1950களின் இறக்குமதி இயந்திரமாகத் திரும்பி வந்தது. தேசக் கணக்கில் பற்றும் வரவும் நேராகின. வீட்டுக் கணக்கில் ஆகவில்லை.

சிறையில் எழுதிய நூல்

சிறையில் குமரப்பா இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. மற்றொன்று 'நிலைத்த பொருளாதாரம்'. இரண்டுக்கும் காந்தி முன்னுரை தந்தார். இறையியலுக்கு ஒன்று, கிராமத் தொழிலுக்கு ஒன்று என விளையாட்டாக அவருக்கு இரண்டு முனைவர் பட்டங்களும் அளித்தார்.

இந்த நூல் இயற்கை வளங்களை இரண்டாகப் பிரிக்கிறது. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது ஆகியவை தேங்கி நிற்கும் நீர்த்தொட்டி போன்றவை. எடுக்க எடுக்கக் குறையும். காடு, ஆறு, உழைப்பு ஆகியவை ஓடும் நீர் போன்றவை. அளவறிந்து எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். தொட்டியை நம்பிய பொருளாதாரம் அதைக் கைப்பற்றப் போருக்குப் போகும் என்றும், பெட்ரோலியத்தை நம்பும் நாடுகளின் சண்டை அதற்குச் சான்று என்றும் அவர் எழுதினார். பிறரைக் கொன்று தின்னும் புலி, நடாத தோப்பில் பறித்துத் தின்னும் குரங்கு, தனக்குக் கூடு கட்டும் பறவை, கூட்டத்துக்குத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப்பறவை என ஐந்து படிகளில் பொருளாதாரங்களை வகைப்படுத்தினார்.

தணிக்கையாளர் இங்கேயும் இருக்கிறார். முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு அதை வருமானம் என்று எழுதுவது எந்தக் கணக்கிலும் பிழை. நிலக்கரிச் சுரங்கத்தைத் தோண்டி விற்ற தொகை முழுவதையும் நாட்டு வருமானம் என்று எழுதும் முறையில் அவர் அதே பிழையைக் கண்டார். லண்டன் பத்திரத்தைத் தங்கம் என்று எழுதியதற்கும் இதற்கும் வகையில் வேறுபாடில்லை. ஈ.எஃப். ஷூமாகர் 1973இல் வெளியிட்ட 'சிறியதே அழகு' நூலில் குமரப்பாவை மேற்கோள் காட்டினார். பூமியின் எரிபொருளை முதலாகவும் வருமானமாகவும் பிரித்தறியாத பிழையே அந்த நூலின் தொடக்க வாதமும்.

தானியக் கூட்டுறவு

நடைமுறைத் தீர்வாகக் குமரப்பா முன்வைத்தது பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம். கிராமத் தானியத்தைச் சேமித்து வைப்பது, விதையும் கருவியும் தருவது, நிலவரியைத் தானியமாகவே பெற்று அரசுக்குக் கணக்குக் காட்டுவது, உள்ளூர் அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானியமாகக் கொடுப்பது ஆகியவை அதன் வேலைகள். உள்ளூர்த் தேவைக்கு மிஞ்சியதே வெளியூர் போகும். அறுவடை முடிந்ததும் வரி கட்டுவதற்காக உழவர் கிடைத்த விலைக்கு நெல்லை விற்று, ஆடியில் அதே நெல்லைக் கூடுதல் விலைக்கு வாங்கும் அவலம் இதனால் நிற்கும் என்று எதிர்பார்த்தார்.

திட்டத்தில் ஓட்டைகள் உண்டு. தானியமும் பூச்சி அரித்து அழியும். அந்த இழப்பு யார் தலையில் விழும்? நெல் விளையாத மேட்டுநில ஊர் என்ன செய்யும்? சங்கத்தின் சாவி ஊர்ப் பெரிய நிலக்காரர் இடுப்பில் தொங்கினால்? கடைசிக் கேள்வி குமரப்பாவுக்கும் தெரியாததன்று. அவர் தலைமையில் 1949இல் அறிக்கை தந்த காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு, இடைத்தரகரை ஒழிக்கவும் உழுபவருக்கு நிலத்தின்மேல் உரிமை தரவும் வற்புறுத்தியது. நிலம் மாறாமல் கூட்டுறவு மட்டும் வந்தால் பயனில்லை என்ற தெளிவு அதில் இருக்கிறது. அந்த அறிக்கை பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிட்டது.

கல்லுப்பட்டி ஆண்டுகள்

சுதந்திர இந்தியா பெருந்தொழில் வழியைத் தேர்ந்தெடுத்தது. நேரு தலைமையிலான தேசியத் திட்டக் குழுவிலிருந்து போருக்கு முன்பே விலகியிருந்த குமரப்பா, புதிய அரசிலும் ஒட்டாமலே இருந்தார். 1950களில் மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். உடல்நலம் குன்றியிருந்தது, எழுத்தும் கடிதப் போக்குவரத்தும் நிற்கவில்லை.

அவர் அங்கே இருந்த காலத்திலேயே ஸ்டெர்லிங் நிலுவையின் பெரும்பகுதி கரைந்துபோனது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் இயந்திர இறக்குமதி 1957–58இல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் முடிந்தது. 1958இல் உலக வங்கி கூட்டிய கடன் தரும் நாடுகளின் கூட்டத்தில் இந்தியா கடன் கேட்கும் நாடாக அமர்ந்தது. கொடுப்பவர் வரிசையில் பிரிட்டனும் இருந்தது. குமரப்பா 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளில், சென்னையில் காலமானார்.